வீலர் ஷேலில் டிரைலோபைட் தேடல்: உடைப்பது, சுத்தம் செய்வது, போலியைக் கண்டுபிடிப்பது

கற்சில்லு
வணக்கம். ஜூன் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெல்ட்டா பக்கம் போகிறோம். எல்ராத்தியா கிங்கி என்ற டிரைலோபைட் வகையை (கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் அழிந்துபோன, ஓடுள்ள கடல் உயிரியின் புதைபடிவம்) தேட இரண்டு நாள் ஒதுக்கலாம். எங்கே தோண்ட அனுமதி உண்டு, என்ன சாமான் வேண்டும், கிடைத்ததை எப்படிச் சுத்தம் செய்வது? இன்னொன்று: இணையக் கடை ஒன்றில் மொராக்கோ டிரைலோபைட், முதுகெல்லாம் முள் நிற்பது, நம்ப முடியாத மலிவில் இருக்கிறது. வாங்கலாமா?

அடுக்குப்பாறை
முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எல்ராத்தியா கிடைப்பது ஹவுஸ் மலைத்தொடரில், ஆன்டிலோப் ஸ்பிரிங் சுற்றுவட்டாரத்தில் வெளித்தெரியும் வீலர் ஷேல் அடுக்கில். ஷேல் என்றால் தகடு தகடாகப் பிளக்கும் களிமண் பாறை. நடு கேம்பிரியன், சுமார் 50.7 கோடி ஆண்டு பழையது. அங்கே யூ-டிக் என்று கட்டணக் குவாரி ஒன்று இருக்கிறது. டெல்ட்டாவிலிருந்து மொத்தம் 80 கி.மீ. சொச்சம், அதில் கடைசி 30 கி.மீ. மண் சாலை. சுத்தியலும் வாளியும் அவர்களே தருவார்கள். முதல் முறை போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், அங்கேயே போய்விடுவது மேல். இயந்திரம் வைத்துப் பாறையைப் புதிதாகத் திறந்து வைத்திருப்பார்கள். நாள் முழுக்க மேல்மண் வெட்டும் வேலை மிச்சம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், கிளம்புமுன் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளியே தேடுவதென்றால் முதலில் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். அங்கே மூன்று வகை நிலமும் கலந்து கிடக்கிறது. பி.எல்.எம். எனப்படும் கூட்டரசு நில நிர்வாகத் துறையின் நிலத்தில், பரவலாகக் கிடைக்கும் முதுகெலும்பில்லா உயிரிகளின் புதைபடிவங்களைச் சொந்தத் தொகுப்புக்காக நியாயமான அளவில் அனுமதிச்சீட்டு இல்லாமலே எடுக்கலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் கைக்கருவி மட்டும்தான். நிலத்தைக் குதறக் கூடாது. எடுத்ததை விற்கவோ பண்டமாற்றவோ கூடாது. மாநில அறக்கட்டளை நிலம் என்றால் தனி அனுமதி வேண்டும். குத்தகை எடுத்த குவாரிக்குள் கேட்காமல் நுழைந்தால் அது அத்துமீறல். வேலி இல்லை என்பதெல்லாம் பதிலாகாது. நில உரிமை வரைபடம் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள், அங்கே சிக்னல் கிடையாது. தண்ணீரும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது கொண்டு போங்கள்.

இனி உடைக்கும் முறை. ஒரு பக்கம் தட்டை உளிபோல் இருக்கும் கொத்தனார் சுத்தியல்தான் ஷேலுக்குச் சரி. கூர்மூக்குச் சுத்தியல் சுண்ணாம்புக்கல்லுக்கு. கூர் பட்ட இடத்தில் விசை குவிந்து ஷேல் பலகை குறுக்கே உடையும், உள்ளே இருக்கும் பூச்சியும் (டிரைலோபைட்டை இப்படித்தான் சொல்வோம்) இரண்டாகும். 3 முதல் 5 செ.மீ. தடிமனுள்ள பலகையை எடுங்கள். அடுக்குக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி விளிம்பில் நிறுத்தி, கோட்டின்மேல் தட்டை முனையை வைத்து இலேசாகத் தட்டிக்கொண்டே விளிம்பு நெடுகப் போங்கள். ஓங்கி ஒரே அடி வேண்டாம். எப்போதும் சரிபாதியாகப் பிளக்கப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே தடிமன் இருந்தால் பிளவு நேராக ஓடும், ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால் பிளவு அந்தப் பக்கமே சாய்ந்து வெளியேறிவிடும். பாதி, அதில் பாதி என்று சுமார் அரை செ.மீ. வரும் வரை போகலாம்.

உளிமுனை
பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்தியலே எல்லாம் செய்யும் என்று சொல்வதில் ஆபத்து இருக்கிறது. பெரிய பலகைக்கு 5 செ.மீ. அகல உளி இரண்டு இருந்தால் வேலை சுத்தமாக முடியும். முதல் உளி திறந்த இடைவெளியை அப்படியே வைத்திருக்கும், இரண்டாவது அதை நீட்டிக்கொண்டு போகும். சுத்தியலின் தட்டை முனையைப் பாறையில் வைத்து அதன் தலையில் இன்னொரு சுத்தியலால் அடிப்பதைப் பலர் செய்கிறார்கள். செய்யவே கூடாது. கடினப்படுத்திய எஃகும் எஃகும் மோதினால் சில்லு தெறிக்கும், கண்ணுக்கு நேராக வரும். கண்ணாடி போடாமல் ஒரு பலகைகூட உடைக்காதீர்கள். தச்சுச் சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

பனிக்காலம் தாண்டிய பழைய ஷேல் குவியல்களையும் ஒதுக்காதீர்கள். இடுக்கில் புகுந்த நீர் உறைந்து விரிந்து அடுக்குகளைத் தானாகவே பிரித்திருக்கும். முழுதாகக் கழன்ற எல்ராத்தியா அந்தச் சரளைக்குள் கிடக்கும். மண்டியிட்டுத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

கற்சில்லு
மிக்க நன்றி. கழன்று விழும் என்கிறீர்கள். மற்ற புதைபடிவங்கள் கல்லோடு ஒட்டியே இருக்க, இது மட்டும் ஏன் தனியாக வருகிறது? அதோடு கிடைத்தது முழுசா, துண்டா என்று களத்திலேயே எப்படிப் பார்ப்பது?

மூன்றுமடல்
அதுதான் வீலர் ஷேலின் தனிச்சிறப்பு. உடல் புதைந்த பிறகு அதன் அடிப்பக்கத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள் கூம்புக்குள் கூம்பாக அடுக்கி வளர்ந்து, ஓட்டைவிடப் பல மடங்கு தடித்த ஒரு தளம் உண்டாகியிருக்கிறது. ஓடு மட்டும் என்றால் ஷேல் பிளக்கும்போது அதுவும் சிதைந்துவிடும். இந்தத் தடித்த அடித்தளம் இருப்பதால் முழு உடலும் பொத்தான் மாதிரி கழன்று வருகிறது. வாங்கிய எல்ராத்தியாவைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் நார்நாராக இருக்கும். கால்கள் தெரியும் என்று அங்கே சுரண்ட வேண்டாம், ஒன்றும் கிடைக்காது. யூட் பழங்குடியினர் இப்படிக் கழன்று கிடைத்ததைத்தான் துளையிட்டுத் தாயத்தாக அணிந்தார்கள்.

முழுசா என்று பார்க்க மூன்று இடம் போதும். தலைத்தகடு, நடுவுடல் கணுக்கள், வால்தகடு. எல்ராத்தியாவுக்கு நடுவுடலில் வழக்கமாக 13 கணு இருக்கும், வால் சிறியது. பெரும்பாலானவை 1 முதல் 2.5 செ.மீ. நீளம்தான். அதே அடுக்கில் அசாஃபிஸ்கஸ் வீலரி கிடைத்தால் வால்தகடு பெரிதாக, தலைக்கு ஈடாக, வழவழவென்று இருக்கும். நடுவுடலில் கணுவும் குறைவு. ஒரு செ.மீ.க்கும் சிறிதாக, எது தலை எது வால் என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்து நடுவில் இரண்டே கணு இருந்தால் அது அக்னோஸ்டிட் வகை. கண்ணும் கிடையாது. பழைய பட்டியல்களில் பெரோனாப்சிஸ் என்று இருக்கும், இப்போது இடாக்னோஸ்டஸ் என்கிறார்கள். புதியவர்கள் இதை ஏதோ விதை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியாதீர்கள்.

தலையின் இரு ஓரத்திலும் உள்ள கன்னத்தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரைலோபைட் வளரும்போது ஓட்டைக் கழற்றும். தலையில் உள்ள தையல் கோடு வழியாகக் கன்னங்கள் பிரிந்து, அந்த வழியாக உயிரி வெளியேறும். கன்னம் இல்லாத எல்ராத்தியா ஏராளமாகக் கிடைக்கும், அவற்றில் பல செத்த உடல் அல்ல, உரித்துப் போட்ட சட்டை. தொகுப்புக்கு இரண்டும் வேண்டும். விற்பனையாளர்கள் கன்னம் இல்லாததை மலிவாகத் தருவார்கள்; என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ள அதுதான் நல்ல சரக்கு.

செந்துறைக்காரர்
இடையில் ஒரு சந்தேகம். எங்கள் அரியலூர் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் நத்தை நத்தையாக ஏகப்பட்ட ஃபாசில் இருக்கிறதே, டிரைலோபைட் கிடைக்க வாய்ப்பு உண்டா?

மூன்றுமடல்
இல்லை சார். அரியலூர் அடுக்குகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. நீங்கள் பார்ப்பவை அம்மோனைட், சிப்பி வகைகள். கடைசி டிரைலோபைட் பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டது. அரியலூர்க் கடல் வருவதற்கு அதன்பின் ஏறக்குறைய 15 கோடி ஆண்டு ஆகிறது. இந்தியாவில் டிரைலோபைட் உண்டு, ஆனால் இமயமலையில். ஸ்பிதியின் பராஹியோ பள்ளத்தாக்கில் கேம்பிரியன் அடுக்குகளிலும், காஷ்மீரிலும். அவை ஆய்வுக்கான இடங்கள். அனுமதி இல்லாமல் சுத்தியலோடு போகும் எண்ணம் வேண்டாம்.

உளிமுனை
சுத்தம் செய்வது பற்றி.

களத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். விரிசல் விட்டிருந்தால் அங்கேயே நீர்போல் ஓடும் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு சொட்டு விளிம்பில் வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். துண்டு உடைந்தால் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் போட்டு எண் எழுதுங்கள். தூசியோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கப் பெரும்பாடு.

வீட்டில்: 10 மடங்கு லென்ஸ் அல்லது ஸ்டீரியோ நுண்ணோக்கி, பின்-வைஸில் (ஊசியைக் கவ்விப் பிடிக்கும் சிறு கைப்பிடி) மாட்டிய ஊசி, மெல்லிய பிரஷ். எல்ராத்தியாவுக்குப் பெரும்பாலும் இவ்வளவு போதும். ஊசியை ஓட்டின்மேல் இழுக்காதீர்கள். ஓட்டுக்கும் ஷேலுக்கும் இடையில் உள்ள கோட்டில் ஷேல் பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் செதில் தானாகத் தெறிக்கும். கறுப்பு ஓட்டில் வெள்ளைக் கீறல் விழுந்தால் அது போகாது. அதை மறைக்கத்தான் கடைச்சரக்கில் கறுப்பு மை பூசுகிறார்கள்.

வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் கூடாது. ஓடே கால்சைட். கல்லுக்கு முன்னால் பூச்சி கரைந்துவிடும்.

பலகையில் ஒட்டியிருக்கும் துண்டுகளுக்குக் காற்றில் தூள் வீசும் ஏர் அப்ரேசிவ் இருந்தால் அருமை. தூள் ஆப்பசோடா, 0.5 மி.மீ. முனை, 20 முதல் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம்.

பட்டறைக்கண்
ஆப்பசோடா ஷேலில் நகராது சார். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். டோலமைட் தூள் போட்டால் பத்து நிமிட வேலை.

உளிமுனை
பத்து நிமிடத்தில் ஓட்டின் மேல்தோலும் போகும். கடினத்தன்மையைக் கணக்குப் போடுங்கள்: ஆப்பசோடா சுமார் 2.5, கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4, அலுமினியம் ஆக்சைடு 9. டோலமைட் ஓட்டைவிடக் கடினம். ஆப்பசோடாவால் நேரம்தான் போகும். டோலமைட்டில் கை ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் தலைமேட்டின் நுண்ணிய புள்ளிகள் எல்லாம் மழுங்கி, சோப்பு தேய்ந்த மாதிரி ஆகிவிடும்.

பட்டறைக்கண்
அதனால்தான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைத்து, முனையை ஒரு செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் டோலமைட் ஓட்டைத் தொடாது. மொத்தப் பாறையை டோலமைட்டால் எடுத்துவிட்டு, ஓட்டுக்கு அரை மி.மீ. மேலே வரும்போது ஆப்பசோடாவுக்கு மாறுவதுதான் நடைமுறை. மொராக்கோ, ஓக்லஹோமா சுண்ணாம்புக்கல்லில் ஆப்பசோடா மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. அங்கே முதல் கட்டம் ஏர் ஸ்கிரைப். 80 முதல் 100 பி.எஸ்.ஐ.யில் ஓடும் அதிர்வு ஊசி. அதையும் ஓட்டை நோக்கிக் குத்தாமல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

வீலர் ஷேலுக்கு உளிமுனை சொல்வதே சரி என்று வைத்துக்கொள்ளலாம். ஷேல் ஓட்டைவிட மென்மை, அவசரம் தேவையில்லை.

ஆப்பசோடாவுக்கு இன்னொரு தொல்லை, ஈரம். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் துளி நீர் இருந்தாலும் தூள் கட்டியாகி முனை அடைக்கும். நீர்ப்பிடிப்பான் ஒன்று போதாது, அதற்குப் பின்னால் சிலிக்கா ஜெல் வடிகட்டியும் வையுங்கள். தூளைச் சலித்து, உலர்த்திய பிறகே நிரப்புங்கள். சென்னை மாதிரி ஊரில் மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

தூசியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷேலில் குவார்ட்ஸ் மணல் உண்டு. அந்த நுண்தூசிதான் கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பது. கண்ணாடி மூடிய பெட்டி, கை நுழைக்கத் துளை, பின்னால் வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சி. அதற்கு மேல் என்-95 முகக்கவசமாவது. துணி முகக்கவசம் பயன்படாது.

கற்சில்லு
இணையத்தில் காஸ்டிக் பொட்டாஷ் செதிலைத் தூவினால் ஷேல் இளகிவிடும் என்று பார்த்தேன். கம்ப்ரசர் வாங்குவதைவிட மலிவாக இருக்கிறதே?

உளிமுனை
வேலை செய்யும், ஆனால் களிமண் அதிகமுள்ள மென்மையான பாறைக்குத்தான். செதில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து களிமண்ணை இளக்கும். கால்சைட்டை ஆசிட் மாதிரி தின்னாது. சிக்கல் வேறு இடத்தில். விரிசலுக்குள் புகுந்து ஓட்டுக்குக் கீழேயும் இளக்கிவிடும்; ஒட்டிய பசையைப் பிரித்துவிடும்; சரியாகக் கழுவாவிட்டால் மாதங்கள் கழித்து வெள்ளை உப்பாகப் பூத்து ஓட்டைத் தூக்கும். பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன். எல்ராத்தியாவுக்கு இது தேவையும் இல்லை.

மேலே வார்னிஷ் பூசும் பழக்கத்தையும் விடுங்கள். பளபளப்பில் நுணுக்கம் மறையும். ஓடு உதிர்கிறது என்றால் மட்டும் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின்: 100 மி.லி. அசிட்டோனுக்கு 5 கிராம், மூடிய சீசாவில் இரவு முழுக்கக் கரையவிட்டு, பிரஷ்ஷால் ஒரு பூச்சு. பிறகு வேண்டாம் என்றாலும் அசிட்டோனால் கழுவி எடுத்துவிடலாம், சூப்பர் குளூவில் அது சுலபமல்ல. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பூச்சு பால்போல் வெளுக்கும், உலர்ந்த நாளில் பூசுங்கள்.

பட்டறைக்கண்
மொராக்கோ கேள்விக்கு வருகிறேன்.

அல்னிஃப், எர்ஃபூத், ரிசானி பக்கத்து டெவோனியன் சுண்ணாம்புக்கல்லில் டிரைலோபைட் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் போலியை ஓரளவு நீங்களே பிடிக்கலாம். வேலையாள் கல்லை உடைத்துக்கொண்டே போவார். உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தத் துண்டுகளை ஒட்டி, பிறகுதான் மேலிருந்து குடைந்து வெளியே எடுப்பார்கள். ஆகவே உண்மையான துண்டில் ஒட்டிய விரிசல் ஒன்று கல்லிலும் பூச்சியிலும் ஒரே கோட்டில் தொடரும். விரிசலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அது நல்ல அடையாளம். விரிசலே இல்லாமல், கல்லின் நடுவில் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தால்தான் சந்தேகம்.

அடுத்தது கண். டிரோடாப்ஸ், பழைய பெயரில் ஃபேக்காப்ஸ், இதன் கண்ணில் ஒவ்வொரு லென்சும் தனித்தனி உருண்டையாக வரிசை பிசகாமல் நிற்கும். பிசின் வார்ப்பில் லென்சுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். இடையிடையே ஊசிமுனைக் குழிகள் இருக்கும், அவை வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. இயற்கை ஓட்டில் அப்படி உருண்டைக் குழி வராது. பூச்சிக்கும் கல்லுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு வளையம் நிறம் மாறித் தெரிந்தால் அங்கே பட்டி இழுத்திருக்கிறார்கள், கார் பட்டறையில் போடும் அதே பட்டி, கல்தூள் கலந்து.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு உதவும், ஆனால் ஒளிர்கிறது என்பதாலேயே போலி இல்லை. கால்சைட்டும் சிலசமயம் ஒளிரும். ஒரே ஓட்டில் ஒரு பகுதி ஒருவிதமாகவும் இன்னொரு பகுதி வேறுவிதமாகவும் ஒளிர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. சூடான ஊசி வைத்துப் பார்ப்பது பழைய வித்தை. பிளாஸ்டிக் நாற்றம் வரும், சரி, ஆனால் உண்மையான துண்டிலும் பசை உண்டு, அதுவும் நாறும். அசிட்டோன் பஞ்சில் நிறம் ஒட்டினால் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள்.

நீங்கள் சொல்லும் முள் நிற்கும் வகை: ஒரு முள்ளைச் சுற்றி உடையாமல் கல்லை எடுக்கவே நாள்கணக்கில் நுண்ணோக்கியடியில் உட்கார வேண்டும். வாலிசெராப்ஸ் மாதிரி முன்னால் திரிசூலம் நீட்டியதற்கும் அப்படித்தான். அந்த உழைப்புக்கு மலிவு விலை கட்டாது. மலிவு என்றால் முள் பிசின், அல்லது முழுவதுமே பிசின். விற்பவரிடம் குடையும் கட்டத்தில் எடுத்த படம், பலகையின் அடிப்பக்கப் படம், எத்தனை சதவீதம் சீரமைப்பு, எந்த ஊர், எந்த அடுக்கு, இவ்வளவும் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதே விரிசல், அதே வளைவு வேறொரு பட்டியலிலும் இருக்கிறதா என்று படத்தை ஒப்பிடுங்கள். இரண்டு இருந்தால் அச்சு.

பழுப்பு நிறத்தில் ஒரு முழ நீளத்துக்கு வரும் பாரடாக்சிடஸ் பலகைகளைச் சுவரில் மாட்டும் அலங்காரமாக மட்டும் பாருங்கள். பெரும்பகுதி சாந்து.

மூன்றுமடல்
எல்ராத்தியாவிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கழன்ற பூச்சியை எடுத்து வேறொரு ஷேல் பலகையில் குழி வெட்டி ஒட்டி, சுற்றிலும் ஷேல் தூளும் பசையும் பூசி விடுவார்கள். ஒரே பலகையில் நான்கைந்து முழு எல்ராத்தியா அழகாக இடைவெளி விட்டு நின்றால் ஊசியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஷேல் என்றால் செதிலாக வரும், பசை என்றால் ரப்பர்போல் அமுங்கும் அல்லது கண்ணாடிபோல் வழுக்கும்.

ஆற்றுக்கூழாங்கல்
சுத்தியலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று. ஓஹையோவில் சீசர் கிரீக் ஏரியின் உபரிநீர்ப் போக்கில் ஆர்டோவிசியன் அடுக்கு பரந்து கிடக்கிறது. பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். கருவி எதுவும் கூடாது, ஒரு கல்லால் இன்னொரு கல்லை உடைப்பதும் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்குவதை மட்டும் எடுக்கலாம், விற்கக் கூடாது. ஃபிளெக்சிகாலிமீனி சுருண்ட நிலையில் பட்டாணி அளவில் கிடைக்கும். நல்ல மழைக்கு மறுநாள் காலை போங்கள். சேறு கழுவப்பட்டிருக்கும், சாய்ந்த வெயிலில் வரிகளின் நிழல் தெரியும். ஐசோட்டீலஸ் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் புதைபடிவம், ஆனால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் துண்டுதான்.

அடுக்குப்பாறை
எல்லாரும் விட்டுவிட்டது: விவரச் சீட்டு. இடப்பெயர், ஜி.பி.எஸ். எண், அடுக்கின் பெயர், எடுத்த தேதி, இவை எழுதாத டிரைலோபைட் மேசையில் வைக்கும் பொம்மைதான், எந்த அருங்காட்சியகமும் வாங்கிக்கொள்ளாது. உடைக்கும் இடத்திலேயே எழுதுங்கள். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்றால் வாளியில் எல்லாம் கலந்துவிடும். வீட்டில் அடிப்பக்கத்தில் பி-72 ஒரு பூச்சு, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் புள்ளி, அதில் மையால் எண், மேலே மறுபடி பி-72. அதே எண் நோட்டிலும் இருக்க வேண்டும்.

படம் எடுக்க மேல் இடது மூலையிலிருந்து தாழ்ந்த கோணத்தில் ஒரே விளக்கு போதும். நேராக ஃபிளாஷ் அடித்தால் கறுப்பு எல்ராத்தியா வெறும் கறையாகத்தான் விழும்.

கற்சில்லு
விவரச் சீட்டுகள் வாங்கிவிட்டேன், மொராக்கோ பட்டியலையும் மூடிவிட்டேன். கடைசியாக: விமானத்தில் திரும்பும்போது எப்படிக் கட்டுவது?

உளிமுனை
சுத்தியலும் உளியும் சரக்குப் பெட்டியில்தான், கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். புதைபடிவங்களைக் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் டாய்லெட் பேப்பரில் இரண்டு சுற்று, மேலே அலுமினியத் தாள், அதன்மேல் எண். நேரடியாகப் பஞ்சு வைக்காதீர்கள், நார் ஓட்டு விளிம்பில் சிக்கி, பிரிக்கும்போது கன்னமுள்ளைப் பிடுங்கிவிடும். பிளந்த பலகையின் இரண்டு பாதியையும், பூச்சி உள்ளதையும் அதன் அச்சு உள்ளதையும், முகம் பார்க்க நேரடியாக ஒட்டி வைக்கக் கூடாது. குலுங்கலில் ஒன்றையொன்று அரைத்துவிடும். நடுவில் நான்கு மடிப்பு பேப்பர் வைத்து, சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள்.